ஓம வாட்டர் வயிற்றை அடக்குது, விளக்கெண்ணெய் ஏன் கலக்குது? குடல் தசைக்குள் ஓடும் 'கரண்ட்' சொல்லும் பதில்

மதுரையில் ராத்திரி 11 மணிக்கு மேலும் பரோட்டாக் கல் சூடாகத்தான் இருக்கும். சாப்பிட்டு முடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு பிசைய ஆரம்பித்தால், பல வீடுகளில் முதலில் கேட்கும் குரல் இதுதான்: "கொஞ்சம் ஓம வாட்டர் குடி, அடங்கிடும்." அதே வீட்டில் இன்னொரு குரலும் வரும்: "வயித்த சுத்தம் பண்ணணும், விளக்கெண்ணெய் குடு."

கேட்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி பாட்டி வைத்தியம்தான். ஆனால் குடல் தசைக்குள் இவை செய்யும் வேலை நேர் எதிரானது. ஒன்று தசையைத் தளர்த்தும், மற்றொன்று இறுக்கிப் பிழியும். எந்த வலிக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில் தப்பு நடந்தால், சாதாரண வயிற்று வலி ஆபரேஷன் தியேட்டர் வரை போய்விடலாம்.

இந்த வித்தியாசம் எப்படித் தெரிய வந்தது? குடல் தசையின் ஒற்றை செல்லில் ஓடும் மின்சாரத்தை அளந்து பார்த்த ஆராய்ச்சிகளால். அந்தத் துறைக்குப் பெயர் எலக்ட்ரோபிசியாலஜி. தமிழில் மின் உடலியங்கியல்.

சுருக்கமாக

- குடல் தசை சுருங்க, செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அந்த நுழைவை ஒரு சிறிய மின்னோட்டமாக அளக்க முடியும்.
- புதினா எண்ணெய் இந்தக் கால்சியம் வழியை அடைக்கிறது என்று 1991-ல் நேரடியாக அளந்து காட்டினார்கள். ஓமமும் வசம்பும் அதே வழியில் செயல்படுவதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு.
- விளக்கெண்ணெய் வேறொரு வழியாகத் தசையைச் சுருங்கச் செய்கிறது. கர்ப்பப்பையையும் அது விட்டுவைப்பதில்லை.
- பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் புகட்டுவதும், காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து கொடுப்பதும் ஆபத்து.

இரண்டுமே 'எண்ணெய்'தானா?

பெயரில் மட்டும்தான். கீழமாசி வீதி பக்கம் நாட்டு மருந்துக் கடையில் போய் 'எண்ணெய்' என்று கேட்டால் இரண்டு வகையும் கிடைக்கும்.

முதல் வகை, வித்தை ஆட்டிப் பிழிவது. ஆமணக்கு முத்திலிருந்து வரும் விளக்கெண்ணெய் இந்த ரகம். கனமாக, பிசுபிசுவென்று இருக்கும். துணியில் பட்டால் கறை போகாது.

இரண்டாவது வகை, நீராவியில் வடித்து எடுப்பது. ஓமம், புதினா, சதகுப்பை போன்றவற்றின் வாசனையே இந்த எண்ணெய்தான். திறந்து வைத்தால் காற்றில் பறந்துவிடும். சித்த மருத்துவத்தில் 'ஓமத் தீநீர்' என்று சொல்வது ஓமத்தைத் தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சி வடித்த நீர். அதில் இந்த வாசனை எண்ணெய் கொஞ்சமாகக் கலந்திருக்கும். மணத்துக்கும் நாக்கில் ஏறும் காரத்துக்கும் முக்கியக் காரணம் தைமால் என்ற பொருள்.

குடலுக்குள் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

கை காலை நாம் நினைத்தால் அசைக்கலாம். குடல் நம் பேச்சைக் கேட்காது. அதன் சுவரில் இருப்பது மென்தசை. தூங்கும்போதும் அது தன்பாட்டுக்கு அசைந்துகொண்டே இருக்கும்.

இதயத்துக்கு பேஸ்மேக்கர் இருப்பதுபோல குடலுக்கும் உண்டு. அவற்றுக்கு 'கஹால் செல்கள்' என்று பெயர். நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906-ல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சான்டியாகோ ரமோன் இ கஹாலின் பெயர் அது. இந்த செல்கள் சீராக மின் அலைகளை எழுப்புகின்றன. மனித இரைப்பையில் நிமிடத்துக்கு சுமார் 3 அலை, சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12 அலை.

அலை வந்து தட்டும்போது தசை செல்லின் சவ்வில் உள்ள கால்சியம் சேனல்கள் திறக்கும். இவற்றை மின்சார அழுத்தத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் கதவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். கதவு திறந்ததும் வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாயும். உள்ளே போன கால்சியம், கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து சுருங்கும் வேலையைத் தொடங்கி வைக்கும். கால்சியம் வெளியேறியதும் தசை தளரும்.

இந்தச் சுருக்கம் அளவோடு இருந்தால் ஜீரணம். அளவு மீறி ஒரே இடத்தில் இறுகிப் பிடித்தால், அதுதான் நாம் 'வயித்தப் பிடிச்சு இழுக்குது' என்று சொல்லும் பிடிப்பு வலி.

கால்சியத்துக்கு மின்னேற்றம் உண்டு. எனவே அது செல்லுக்குள் பாய்வதே ஒரு மின்னோட்டம்தான். அதை அளக்க முடிந்தால், ஒரு மருந்து அந்தக் கதவைத் தொடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

முதல் சோதனை: கண்ணாடிப் பாத்திரத்தில் அசையும் குடல்

உடலுக்கு வெளியே எடுத்த குடல் துண்டு உடனே செத்துவிடாது. சரியான உப்புக் கரைசல், 37 டிகிரி வெப்பம், தொடர்ந்து ஆக்சிஜன் இருந்தால் மணிக்கணக்கில் தன்பாட்டுக்குச் சுருங்கி விரியும். ஜெர்மானிய ஆய்வாளர் ருடால்ஃப் மாக்னஸ் 1904-ல் காட்டிய இந்த முறை இன்றும் மருந்தியல் ஆய்வுக்கூடங்களில் புழக்கத்தில் இருக்கிறது.

குடல் துண்டின் ஒரு முனையைக் கட்டிவைத்து, மறு முனையை இழுவிசை அளக்கும் கருவியில் இணைப்பார்கள். திரையில் மேடு பள்ளமாகக் கோடு ஓடும். மூலிகை எண்ணெயைச் சொட்டியதும் கோடு தட்டையானால் தசை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் ஏன் தளர்ந்தது? நரம்பு வழியாக வரும் தகவலை எண்ணெய் தடுத்திருக்கலாம். தசையில் அந்தத் தகவலை வாங்கும் ஏற்பியை மூடியிருக்கலாம். கால்சியம் கதவையே அடைத்திருக்கலாம். விளைவு ஒன்று, காரணம் பல.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கரைசலில் பொட்டாசியத்தின் அளவைத் திடீரென்று ஏற்றினால், நரம்பும் ஏற்பியும் இல்லாமலே தசையின் மின்னழுத்தம் மாறி கால்சியம் கதவுகள் திறந்துகொள்ளும். அப்படி வந்த சுருக்கத்தையும் எண்ணெய் அடக்கிவிட்டால், சந்தேகம் கால்சியம் கதவு பக்கம் திரும்பும். ஆனாலும் அது சந்தேகம்தான். உறுதிப்படுத்த ஒற்றை செல்லுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது சோதனை: ஒற்றை செல்லைப் பிடிக்கும் 'பேட்ச் கிளாம்ப்'

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் எர்வின் நேஹர், பெர்ட் சக்மன் ஆகிய இருவரும் 1976-ல் இந்த முறையை உலகுக்குக் காட்டினார்கள். அதற்காக 1991-ல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

குடல் தசையில் இதைச் செய்வது இப்படித்தான்:

1. குடல் தசைத் துண்டை நொதிகள் கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைந்து, தனித்தனி செல்கள் கிடைக்கும்.

2. நுனி சுமார் ஒரு மைக்ரான் அகலமே உள்ள கண்ணாடிக் குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி செல்லின் மேல் மெல்ல வைப்பார்கள். ஒரு மைக்ரான் என்றால் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

3. லேசாக உறிஞ்சியதும் கண்ணாடியும் சவ்வும் இறுக ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் பக்கவாட்டில் கசிய முடியாத அளவுக்கு அந்த ஒட்டு இருக்க வேண்டும்.

4. இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் குழாய்க்குக் கீழே உள்ள சவ்வு மட்டும் கிழியும். இப்போது குழாய்க்கும் செல்லின் உட்பகுதிக்கும் நேரடித் தொடர்பு. முழு செல்லின் மின்னோட்டத்தையும் படிக்கலாம்.

5. செல்லின் மின்னழுத்தத்தைக் கருவியே பிடித்து வைத்துக்கொள்ளும். உதாரணமாக, மைனஸ் 60 மில்லிவோல்ட்டில் வைத்திருந்து சட்டென்று பூஜ்ஜியத்துக்கு மாற்றினால் கால்சியம் கதவுகள் திறக்கும். எவ்வளவு கால்சியம் உள்ளே பாய்ந்தது என்பது திரையில் ஒரு பள்ளமாக விழும்.

இங்கே அளவு பிகோ ஆம்பியரில் இருக்கும். ஒரு ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. பக்கத்தில் ஒருவர் மேசையில் இடித்தாலே ஒட்டு விட்டுப்போகும். அதனால் அதிர்வைத் தாங்கும் கனத்த மேசை மேல், வெளி மின் இரைச்சல் புகாத உலோகக் கூண்டுக்குள்தான் இந்த வேலை நடக்கும்.

எண்ணெய்க்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை. அது தண்ணீரில் கரையாது. ஆல்கஹால் போன்ற ஒன்றில் கரைத்துத்தான் செல்லுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கரைப்பானே செல்லைப் பாதிக்கலாம். எனவே எண்ணெய் இல்லாமல் கரைப்பானை மட்டும் கொடுத்து ஒரு சோதனை கட்டாயம். அதோடு, எண்ணெயைக் கழுவி எடுத்த பிறகு மின்னோட்டம் திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் எண்ணெய் கதவை மூடியதா, செல்லையே கொன்றுவிட்டதா என்ற கேள்வி எழும்.

புதினா எண்ணெயில் என்ன தெரிந்தது?

நேஹரும் சக்மனும் நோபல் வாங்கிய அதே 1991-ல், 'காஸ்ட்ரோஎன்டெராலஜி' இதழில் ஹில்ஸ், ஆரன்சன் என்ற இரு ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. ஜீரண மண்டலத் தசையில் புதினா எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பதை, மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் சேர்த்து அவர்கள் ஆராய்ந்தார்கள். பயன்படுத்தியது முயல், கினி பன்றி ஆகியவற்றின் குடல்.

முதலில் குடல் துண்டு. அசிட்டைல்கோலின், ஹிஸ்டமின், செரட்டோனின் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்களால் தசையைச் சுருங்க வைத்தார்கள். புதினா எண்ணெய் எல்லாவற்றையும் அடக்கியது. பொட்டாசியத்தால் வந்த சுருக்கமும் குறைந்தது. வேறு வேறு சாவி போட்டாலும் வண்டி கிளம்பவில்லை என்றால், கோளாறு சாவியில் இருக்காது. எல்லோருக்கும் பொதுவான ஏதோ ஓர் இடத்தில் எண்ணெய் கை வைத்திருக்கிறது.

அடுத்து பேட்ச் கிளாம்ப். முயல் சிறுகுடலின் ஒற்றைத் தசை செல்லில் புதினா எண்ணெயைக் கொடுத்ததும் கால்சியம் மின்னோட்டத்தின் உச்சம் குறைந்தது. அளவைக் கூட்டக் கூட்ட இன்னும் குறைந்தது. திறந்த கதவும் வழக்கத்தைவிட வேகமாக அடங்கியது.

இந்த நடத்தை, நிஃபெடிபைன் போன்ற 'டைஹைட்ரோபிரிடின்' வகை மருந்துகளை ஒத்திருந்தது. பலர் தினமும் போடும் பிபி மாத்திரையான ஆம்லோடிபைனும் இந்தக் குடும்பம்தான். ரத்தக் குழாய்த் தசையில் அவை செய்யும் வேலையை, குடல் தசையில் புதினா எண்ணெய் செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அதற்காக பிபி மாத்திரைக்குப் பதில் புதினா என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குடல் துண்டைப் பாதியளவு தளர்த்தத் தேவைப்பட்டது, ஒரு மில்லி கரைசலுக்கு சுமார் 15 முதல் 26 மைக்ரோகிராம் எண்ணெய். மிகச் சிறிய அளவு. வடித்த எண்ணெய் எவ்வளவு வீரியமானது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கையும்கூட.

நம்ம ஊர் ஓமமும் வசம்பும்?

இதற்கான முக்கிய ஆய்வுகள் பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஆகா கான் பல்கலைக்கழகத்தில் நடந்தன. அன்வர் கிலானி தலைமையிலான குழு 2005-ல் ஓம விதைச் சாற்றை முயல் குடலில் சோதித்தது. பொட்டாசியத்தால் வந்த சுருக்கத்தை ஓமச் சாறு தளர்த்தியது. கால்சியம் வழியை அடைப்பதன் அடையாளங்களும் தெரிந்தன.

ஓமத்தின் தைமாலைத் தனியாக எடுத்து, கினி பன்றியின் இரைப்பைத் தசையில் சோதித்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. அதிலும் தசையின் தன்னிச்சையான அசைவு குறைந்தது.

அடுத்தது வசம்பு. தென் மாவட்டங்களில் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே இதற்குப் பெயர். குழந்தை அழுதால் சுட்டு உரைத்துத் தடவும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. கராச்சி குழு 2006-ல் வசம்புச் சாற்றையும் சோதித்து, அதுவும் கால்சியம் வழியை அடைத்துத்தான் குடலைத் தளர்த்துகிறது என்று கண்டது. ஆக, பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் பாதி விஷயம்தான். வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால், உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்தது. வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, பத்திரமானதா என்பது வேறு கேள்வி. தசை செல்லில் மின்னோட்டம் அளக்கும் கருவி முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

தைமாலுக்கும் இது பொருந்தும். ஹங்கேரி ஆய்வாளர்கள் 2002-ல் நாய், மனித இதயத் தசை செல்களில் தைமாலைச் சோதித்தபோது அங்கேயும் கால்சியம் மின்னோட்டம் குறைந்தது. குடலில் உள்ள அதே மாதிரிக் கதவு இதயத்திலும் இருக்கிறது அல்லவா? சமையலில் போடும் ஒரு சிட்டிகை ஓமத்துக்காகப் பயப்படத் தேவையில்லை. ஆனால் பாட்டிலில் விற்கும் வடித்த ஓம எண்ணெயை ஸ்பூன் கணக்கில் குடிப்பது வேறு சங்கதி.

விளக்கெண்ணெய் மட்டும் ஏன் எதிர்த்திசையில் போகிறது?

விளக்கெண்ணெய் பேதியாக்கும் என்பது காலங்காலமாகத் தெரிந்ததுதான். எப்படி என்பது 2012-ல்தான் தெளிவானது. ஜெர்மனியின் பாட் நவ்ஹைம் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்டீஃபன் ஆஃபர்மன்ஸ் குழு செய்த ஆய்வு அது.

குடலுக்குள் போனதும் விளக்கெண்ணெய் உடைந்து ரிசினோலிக் அமிலம் வெளிவருகிறது. குடல் தசையின் மேல் 'இ.பி.3' என்ற ஏற்பி இருக்கிறது. உடலே தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் உட்கார வேண்டிய இடம் அது. ரிசினோலிக் அமிலம் அங்கே போய் உட்கார்ந்து, 'சுருங்கு' என்ற உத்தரவைக் கொடுத்துவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, இ.பி.3 ஏற்பி இல்லாத எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தும் பேதியாகவில்லை. மென்தசையில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கியபோதும் அதே கதைதான்.

இன்னொரு முக்கியமான விஷயம்: அதே ஏற்பி கர்ப்பப்பைத் தசையிலும் இருக்கிறது. 'சூடு தணியும்', 'சுகப்பிரசவம் ஆகும்' என்று கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது ஏன் விளையாட்டு இல்லை என்பதற்கு இதுதான் காரணம். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் ஜெயித்தது வயிற்றிலும் ஜெயிக்குமா?

எப்போதும் அப்படி நடப்பதில்லை. செல்லின் மேல் நேரடியாக எண்ணெயைக் கொடுப்பது வேறு, வாயால் குடித்தது குடல் தசை வரை போய்ச் சேர்வது வேறு.

புதினா எண்ணெயை அப்படியே குடித்தால் அது முதலில் தொடுவது உணவுக்குழாயையும் இரைப்பையையும். அங்கே உள்ள தசை வளையம் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்செரிச்சல் வரும். அதனால்தான் இரைப்பையில் கரையாமல் குடலில் போய்க் கரையும் உறை போட்ட கேப்சூல்களாக இது தரப்படுகிறது.

இரிட்டபிள் பவல் சின்ட்ரோம் எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்கு அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் கல்லூரி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் புதினா எண்ணெய் இடம்பிடித்தது. ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்ற குறிப்போடு. நெதர்லாந்தில் சுமார் 190 நோயாளிகளிடம் 8 வாரம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், வயிற்று வலி குறைவதற்கான முதன்மை இலக்கை அது எட்டவில்லை. சில அறிகுறிகளில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது.

ஓம வாட்டரைப் பொறுத்தவரை, உப்புசத்துக்கும் லேசான பிடிப்புக்கும் பெரியவர்கள் எப்போதாவது கொஞ்சம் குடிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது தளர்த்துவது தசையை மட்டும். குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், அல்சர் ஆகியவற்றில் எதையும் அது குணப்படுத்தாது.

பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். மதுரை சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. குழந்தை திமிறி அழும்போது எண்ணெய் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். நுரையீரலில் தங்கிய எண்ணெயை உடலால் எளிதில் வெளியேற்ற முடியாது. அதனால் வரும் 'லிப்பாய்டு நிமோனியா' தென்னிந்தியக் குழந்தைகளிடம் இருப்பதை 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பதிவு செய்திருக்கிறது. இங்கே குடல் தசை பற்றிய கேள்விக்கே இடமில்லை. எந்த எண்ணெயானாலும் ஆபத்து ஒன்றுதான்.

பிறந்து 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், டாக்டர் சொன்ன மருந்தைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஓம வாட்டர், வசம்பு, விளக்கெண்ணெய் எல்லாமே இதில் அடங்கும்.

எப்போது கைவைத்தியத்தை நிறுத்த வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் ஓம வாட்டர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்:

- தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி
- வயிறு கல் போல இறுகுவது, தொட்டாலே வலிப்பது
- வலியோடு காய்ச்சல் அல்லது நிற்காத வாந்தி
- மலம், காற்று இரண்டுமே போகாமல் வயிறு வீங்குவது
- ரத்தம் கலந்த அல்லது தார் போலக் கறுத்த மலம்
- மேல் வயிற்று வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல். இது மாரடைப்பாகவும் இருக்கலாம்
- கர்ப்பிணிக்கு வரும் எந்த வயிற்று வலியும்

இந்த நேரத்தில் விளக்கெண்ணெய் உள்ளிட்ட எந்தப் பேதி மருந்தும் கொடுக்கவே கூடாது. குடல்வால் வீங்கியிருக்கும்போது குடலை வேகமாகச் சுருங்க வைத்தால் அது வெடித்துவிடும் அபாயம் இருக்கிறது. அதேபோல, ஓம வாட்டரில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டாலும் மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். என்ன செய்வது என்று சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். டாக்டரிடம் போகும்போது வீட்டில் என்ன குடித்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓமமோ விளக்கெண்ணெயோ, அது குடல் தசையில் செய்த வேலையையும் கணக்கில் வைத்துத்தான் அவர் அடுத்த மருந்தைத் தீர்மானிக்க முடியும்.